யார் பெயரும் இல்லாத தொடர்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குறுந்தொகையைத் தொகுத்தவர்கள் கையில் வந்த பாட்டுகளில் சிலவற்றுக்குப் பாடியவர் பெயர் இல்லை. பாட்டு இருக்கிறது, பாடிய வாய் தெரியவில்லை. அந்த இடத்தில் அவர்கள் செய்த காரியம் உலக இலக்கியத்திலேயே அழகான காரியங்களுள் ஒன்று. பாட்டுக்குள் மின்னிய ஒரு தொடரை எடுத்துப் பாடியவருக்கே பெயராகச் சூட்டிவிட்டார்கள். செம்புலப்பெயல்நீரார், அணிலாடுமுன்றிலார், மீனெறிதூண்டிலார், ஓரேருழவனார், விட்டகுதிரையார், குப்பைக்கோழியார், கல்பொருசிறுநுரையார். பெயரைச் சொன்னாலே பாட்டு நினைவுக்கு வந்துவிடுகிறது. புறநானூற்றில் தொடித்தலைவிழுத்தண்டினார் இருக்கிறார், நற்றிணையில் தேய்புரிப்பழங்கயிற்றினார் இருக்கிறார்.

ஒரே ஒரு தொடரால் இரண்டாயிரம் ஆண்டு வாழும் பேறு இவர்களுக்குக் கிடைத்தது. இதைப் பள்ளிப் பருவத்திலிருந்தே நாம் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது இதற்கு மறுபுறம். எந்தப் புலவருக்கும் பெயர் வாங்கித் தராத தொடர்கள் சங்கப் பாட்டு முழுவதும் இறைந்து கிடக்கின்றன. பத்துப் பேர் பாடினாலும் பத்துப் பேர் பாட்டிலும் அவை வரும். இரண்டு சீர், மிஞ்சினால் மூன்று சீர். உரையாசிரியர்கள் அவற்றைக் கடந்து போய்விடுவார்கள். நாமும் கடந்து போய்விடுகிறோம். அந்தத் தொடர்களைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

அணிலாடுமுன்றிலார் பாட்டையே முதலில் பார்ப்போம். குறுந்தொகையில் அது 41-ஆம் பாட்டு. காதலர் பக்கத்தில் இருக்கும்போது திருவிழா நடக்கும் ஊரைப்போல மனம் நிறைந்திருக்கிறேன், அவர் பிரிந்துவிட்டால் ஆள் போய்விட்ட வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடுமே, அந்த வீட்டைப்போல ஆகிவிடுகிறேன் என்று தலைவி தோழியிடம் சொல்கிறாள். அந்த முற்றம் ஒரு சிற்றூரில் இருக்கிறது. அந்தச் சிற்றூரைச் சொல்ல ஒரு முழு அடி வருகிறது. காட்டு வழியை ஒட்டிய, அழகிய குடியிருப்புகளை உடைய சிறிய ஊர் என்பது அதன் பொருள். ‘அங்குடிச் சீறூர்’ என்று முடியும் அந்த அடி.

இனி 79-ஆம் பாட்டுக்கு வாருங்கள். பாடியவர் குடவாயிற் கீரனக்கன். சொல்லாமல் புறப்பட்டுப் போன தலைவனை நினைத்துத் தலைவி கலங்குகிறாள். யானை பட்டையை உரித்துத் தின்ற ஓமை மரம், காற்று மோதும் கிளை, அதில் இருந்து தனிமையைக் கூட்டும் குரலில் பெடையை அழைக்கும் புறா, அந்தக் காட்டு வழியில் ஒரு சிற்றூர், அங்கே போய்ச் சேர்ந்திருப்பாரோ என்கிறாள். அந்தச் சிற்றூரைச் சொல்ல வரும் அடி, 41-ஆம் பாட்டில் பார்த்தோமே, அதே அடி. சொல்லுக்குச் சொல் அதே.

இரண்டு புலவர்கள், இரண்டு பாட்டு, ஓர் அடி. யாரிடமிருந்து யார் எடுத்தார் என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வி நம் காலத்துக் கேள்வி. அச்சும் பதிப்புரிமையும் வந்த பிறகு பிறந்த கேள்வி. அந்த அடி இருவருக்கும் முன்பே புழங்கியிருக்கலாம். பாலை வழியில் நடப்பவனுக்கு இரவு தங்க ஓர் ஊர் வேண்டும், அந்த ஊரைச் சொல்ல ஓர் அடி வேண்டும், அந்த அடி பாடுவோர் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது.

அதை இரண்டு பாட்டும் எப்படிப் பயன்படுத்துகின்றன என்பதுதான் கவனிக்க வேண்டியது. 79-இல் அந்த ஊர் அடைக்கலம். அவர் அங்கே சேர்ந்திருந்தால் நல்லது என்று மனம் அதைப் பற்றிக்கொள்கிறது. 41-இலும் அதே அடியைக் கேட்டதும் கேட்பவர் மனத்தில் குடிகள் நிறைந்த ஊர்தான் எழும், ஏனென்றால் பல பாட்டில் கேட்டுப் பழகிய ஊர் அது. அடுத்த அடியின் தொடக்கத்திலேயே புலவர் அந்த ஊரிலிருந்து மக்களைக் கிளப்பி அனுப்பிவிடுகிறார். ஊர் காலியாகிறது. பிறகுதான் முற்றத்தில் அணில் வந்து ஆடுகிறது. அழகிய குடியிருப்பு என்று பழகிய சொல்லால் முதலில் ஊரை எழுப்பாமல் இருந்திருந்தால், அது காலியானது இவ்வளவு வலித்திருக்குமா? புலவருக்குப் பெயர் வாங்கித் தந்தது அணில். அந்த அணில் ஆட முற்றம் கொடுத்தது யார் பெயரும் இல்லாத அந்த அடி. நான் சொல்ல வந்த செய்தியின் சாரம் இதுதான். அரிய தொடர் தனியாக நிற்பதில்லை, எல்லோரும் அறிந்த தொடரின் மேல் ஏறி நின்றுதான் அது அரியதாகிறது.

ஐங்குறுநூற்றுக்குப் போனால் இந்தப் பொதுத் தொடர்கள் கூட்டமாகவே நிற்கின்றன. ஐந்து புலவர்கள் ஆளுக்கு நூறு பாடிய நூல். நூறும் பத்துப் பத்தாகப் பிரிந்திருக்கும். கபிலர் பாடிய குறிஞ்சி நூறில் ஒரு பத்துக்கு ‘அன்னாய் வாழிப் பத்து’ என்று பெயர், இன்னொன்றுக்கு ‘அம்ம வாழிப் பத்து’, மற்றொன்றுக்குத் ‘தெய்யோப் பத்து’. திரும்பத் திரும்ப வரும் தொடரே பத்துக்குப் பெயராகிவிட்டது. ‘தெய்யோ’ என்பதற்குத் தனிப்பொருள் கிடையாது, வெறும் அசை. ஓர் அசைக்காக ஒரு பத்துக்குப் பெயர் வைத்தார்கள் என்றால் அந்தத் தொகுப்பாளர்களின் காது எவ்வளவு நுண்மையானது என்று பாருங்கள்.

‘அம்ம வாழி தோழி’ என்பதை எடுத்துக்கொள்வோம். ஐங்குறுநூற்றில் மட்டும் அன்று, குறுந்தொகையிலும் நற்றிணையிலும் அகநானூற்றிலும் பாட்டின் தொடக்கமாக இது வருகிறது. உரைகளில் பார்த்தால் ‘அம்ம: கேட்பித்தற்பொருட்டு, வாழி: அசை’ என்று ஒரே மூச்சில் முடித்திருப்பார்கள். ‘அம்ம’ கேட்கச் செய்யும் சொல் என்று தொல்காப்பியம் இடையியலில் சொல்லியிருப்பதால் உரையாசிரியர்கள் அதைத் தொட்டுச் செல்கிறார்கள். சரி. ஆனால் பாட்டின் கட்டுமானத்தில் இந்தத் தொடர் என்ன செய்கிறது? அகவல் அடிக்கு நான்கு சீர். அம்ம, வாழி, தோழி என்று மூன்று சீர் முடிந்துவிட்டது. முதல் அடியில் புலவனுக்கு மிஞ்சுவது ஒரே ஒரு சீர். அந்த ஒற்றைச் சீரில் ‘காதலர்’ என்று வைத்தால் பாட்டு அவர் பக்கம் போகும், ‘நம்மூர்’ என்று வைத்தால் ஊரார் பேச்சின் பக்கம் போகும். ‘அன்னாய் வாழி வேண்டன்னை’ என்பதும் இதே கணக்குத்தான், மூன்று சீர் பொது, நான்காவது சீர் புலவனுடையது.

மூன்று சீரை ஊருக்கு விட்டுக்கொடுத்து ஒரு சீரில் தன் பாட்டின் திசையைத் தீர்மானிப்பது சோம்பலால் வராது. கேட்பவள் திரும்பிப் பார்க்க வேண்டும், காது கொடுக்க வேண்டும், பக்கத்தில் வர வேண்டும். அதற்கு வேண்டிய நேரத்தை அந்த மூன்று சீர் தருகிறது. இன்றும் ஒருத்தி தன் தோழியிடம் மனத்தில் உள்ளதைச் சொல்வதற்கு முன் ‘ஏடி, இங்க பாரு, ஒண்ணு சொல்றேன்’ என்றுதானே தொடங்குகிறாள். வாழி என்பதை அசை என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. தன் துயரத்தைச் சொல்லப் போகிறவள் முதலில் கேட்பவளை வாழ்த்துகிறாள். அந்தப் பண்பை அசை என்று எப்படிச் சொல்வது?

இந்தப் பொதுத் தொடர்களை ஆராய்வதற்கு ஒரு முறையை உலகுக்குத் தந்தவர் மில்மன் பாரி என்ற அமெரிக்கர். 1928-இல் பாரிஸ் பல்கலைக்கழகத்துக்கு அவர் அளித்த ஆய்வேடு ஹோமரின் காவியங்களில் வரும் அடைமொழிகளைப் பற்றியது. அக்கிலிஸ் என்றால் ‘விரைந்த கால் அக்கிலிஸ்’. அவன் கோபித்துக்கொண்டு கூடாரத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் விரைந்த கால்தான். கப்பல்கள் கரையில் இழுத்துப் போடப்பட்டிருந்தாலும் விரைந்த கப்பல்கள்தான். இது கவிஞனின் கவனக்குறைவு என்று அதுவரை பலர் நினைத்திருந்தார்கள். பாரி சொன்ன விளக்கம் வேறு. ஹோமரின் யாப்பில் ஓர் அடியின் எந்த இடத்தில் வீரனின் பெயர் விழுகிறதோ, அந்த இடத்தை நிரப்ப அளவெடுத்த ஓர் அடைமொழி மரபில் ஏற்கெனவே இருந்தது. ஓர் இடத்துக்கு ஓர் அடை. பாடுகிறவன் நின்று யோசிக்காமல் பாடிக்கொண்டே போவதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பாணர்கள் சேர்த்து வைத்த சொத்து அது.

ஏட்டில் கண்டதை நேரில் சோதிக்க 1933 முதல் 1935 வரை பாரி யூகோஸ்லாவியாவில் அலைந்தார். ஒற்றைத் தந்தி வாத்தியத்தை மீட்டிக் கதை பாடும் பாணர்களை அலுமினியத் தட்டுகளில் பதிவு செய்தார். அவர்களில் ஒருவர் அவ்தோ மெஜெதோவிச். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவரிடமிருந்து எழுதிக்கொண்ட ஒரு கதைப்பாட்டு மட்டும் 12,000 அடிக்கு மேல் நீண்டது. 1935-இலேயே, 33 வயதில், பாரி இறந்துவிட்டார். அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்ட் 1960-இல் எழுதிய நூல்தான் இந்த ஆய்வை உலகறியச் செய்தது.

இந்த ஆய்வுமுறையைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் ஈழத்துப் பேராசிரியர் க. கைலாசபதி. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து அவர் எழுதிய நூல் 1968-இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது. சங்கப் பாட்டுகளை வாய்மொழி வீரயுகப் பாட்டுகளாக அவர் பார்த்தார், தொடர்களையும் காட்சிகளையும் அடுக்கிக் காட்டினார். எதிர்ப்பும் வந்தது. சங்கப் புலவர்கள் கற்றறிந்தவர்கள், எழுத்தில் வல்லவர்கள், பாணர்களின் வாய்மொழி மரபை அவர்கள் மாதிரியாகக் கொண்டார்கள் என்பதுதான் பொருத்தம் என்று ஜார்ஜ் ஹார்ட் போன்றோர் வாதிட்டார்கள். மூன்றடியில் உயிரைப் பிழிந்து தரும் ஐங்குறுநூற்றுப் பாட்டு, மேடையில் நின்று இரவெல்லாம் கதை பாடுகிறவனின் பாட்டாக இருக்க முடியாது என்பது என் கருத்து. அந்த அளவில் நான் ஹார்ட் பக்கம். ஆனாலும் கைலாசபதிக்கு நாம் பட்ட கடன் பெரிது. திரும்ப வருவது குறை அன்று, அது ஆராயத் தக்கது என்று தமிழுலகத்துக்கு உரத்துச் சொன்னவர் அவர்.

பாரியின் அளவுகோலைத் தமிழில் அப்படியே வைத்தால் சில இடங்களில் பொருந்தாது. பொருந்தாத அந்த இடங்களில்தான் நம் மரபின் தனித்தன்மை தெரிகிறது. இரண்டு எடுத்துக்காட்டு சொல்கிறேன்.

தலைவியைச் சுட்ட ‘இழை’யில் முடியும் சொற்கள் எத்தனை! ஆயிழை, சேயிழை, நேரிழை, மாணிழை, முற்றிழை, ஒள்ளிழை. அணிந்திருப்பது ஆய்ந்தெடுத்த நகையா, சிவந்த நகையா, நேர்த்தியான நகையா என்பதில் பாட்டுக்கு அக்கறை இல்லை. எல்லாம் அவளைத்தான் குறிக்கின்றன. இந்த ஆறையும் அசை பிரித்துப் பாருங்கள். ஆறும் நேர் நிரை. ஆறும் கூவிளம். பாரி சொன்ன சிக்கன விதிப்படி ஓர் இடத்துக்கு ஒரு சொல் போதும், இங்கே ஆறு இருக்கின்றன. ஏன்? முதல் எழுத்தைப் பாருங்கள். ஆ, சே, நே, மா, மு, ஒ. அடியின் மற்றச் சீர் எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அதற்கு இசைய மோனை கிடைக்க வேண்டும். அகவலில் மோனை கட்டாயம் இல்லைதான், ஆனாலும் புலவன் செவி அதைத் தேடும். கருவிளமாக வேண்டும் என்றால் திருந்திழை இருக்கிறது, தெரியிழை இருக்கிறது, அணியிழை இருக்கிறது. கிரேக்கனுக்கு அளவு மட்டும் போதுமாக இருந்தது. தமிழனுக்கு அளவோடு தலையெழுத்தும் இசைய வேண்டியிருந்தது. இது என் ஊகம். நூல் முழுவதும் எண்ணிப் பார்த்துத்தான் உறுதி சொல்ல வேண்டும், அந்த வேலை காத்துக்கிடக்கிறது.

மற்றொன்று ‘தேர்வண்’. தேரையே பரிசாகக் கொடுக்கும் வண்மை என்பது பொருள். நற்றிணையில் ‘தேர்வண் மலையன்’, புறநானூற்றில் ‘தேர்வண் கிள்ளி’. ஒருவன் முள்ளூர் மலைக்கு உரிய குறுநில மன்னன், மற்றவன் சோழன். அடை ஒன்றே. கிரேக்கத்திலும் எல்லா வீரர்க்கும் பொதுவான அடைகள் உண்டு, ஆனாலும் விரைந்த கால் என்றதும் கேட்பவர் மனத்தில் அக்கிலிஸ்தான் நிற்பான். நம் மரபில் தேர்வண் என்பது எவனுக்கும் சொந்தமில்லை. கொடுத்தால் அந்தச் சொல் அவனுக்கு வரும், கொடுக்காவிட்டால் அடுத்தவனுக்குப் போய்விடும். பாணனும் புலவனும் மன்னனை அளக்க வைத்திருந்த படி அது.

இலக்கண நூலிலும் இதே கதைதான். ‘என்மனார் புலவர்’, ‘என்ப’, ‘மொழிப’ என்று தொல்காப்பியம் நெடுக வருகிறது. பாணினி தமக்கு முன்னிருந்த இலக்கணிகள் பத்துப் பேரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறார். தொல்காப்பியர் நூற்பாவில் ஒருவர் பெயரையும் சொல்லவில்லை, புலவர் என்று பன்மையில் சொல்லிவிட்டு நகர்கிறார். விதி ஒருவருடையது அன்று, மொழியறிந்தார் எல்லாருடையதும் என்பதை அந்த இரண்டு சொல் ஒவ்வொரு தடவையும் நினைவூட்டுகிறது. பின்னால் வந்த உரையாசிரியர்களின் ‘என்றவாறு’, ‘என்றார் பிறரும்’, ‘வந்துழிக் காண்க’ என்பனவும் இந்த வழியில் வந்தவையே. தேவாரப் பதிகங்களிலும் ஆழ்வார் பாசுரங்களிலும் கடைசிப் பாட்டில் ‘வல்லார்’ வந்து நிற்கும். பதிகம் முடிகிறது என்று அந்தச் சொல்லே சொல்லிவிடும்.

இப்போது கல்வெட்டுக்கு வருகிறேன். தமிழிலக்கிய வகுப்புகளில் கல்வெட்டைச் சேர்ப்பதில்லை, வரலாற்றுத் துறைக்கு அனுப்பிவிடுகிறோம். பொதுத் தொடர்களைக் கற்க அதைவிடச் சிறந்த பள்ளி கிடையாது.

சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு எரிய வேண்டும். கொடுப்பவர் 96 ஆடு கொடுப்பார், சில இடங்களில் 90. ஆடுகள் மன்றாடி எனப்படும் இடையரிடம் ஒப்படைக்கப்படும். அவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும், கல்வெட்டு மொழியில் ‘நிசதம் உழக்கு நெய்’. எத்தனை நாளைக்கு? ‘சந்திராதித்தவல்’, நிலவும் ஞாயிறும் உள்ளவரை. ஆடு அத்தனை காலம் உயிரோடு இருக்குமா? அதற்குத்தான் இன்னொரு தொடர்: ‘சாவா மூவாப் பேராடு’. சாகாத, கிழடாகாத ஆடுகள்.

முதல் தடவை படிக்கும்போது இது கவிதையோ என்று தோன்றும். உண்மையில் இது சட்டம். கிழட்டு ஆடு செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வர வேண்டும், மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது, ஆடு செத்துவிட்டது என்று சொல்லி நெய்யை நிறுத்தக் கூடாது. இவ்வளவு நிபந்தனையையும் மூன்று சொல்லில் அடக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டின் எத்தனையோ கோயில் சுவர்களில், வெவ்வேறு ஊரில், வெவ்வேறு தச்சன் உளியில், இந்த மூன்று சொல் மாறாமல் இருக்கிறது. மாற்றி எழுதினால் செல்லாது என்ற கட்டுப்பாடு அதில் தெரிகிறது. பாட்டில் பொதுத் தொடர் செவிக்காக நின்றது, இங்கே வாக்குறுதிக்காக நிற்கிறது.

நிலம் கொடுக்கும்போது ‘உடும்போடி ஆமை தவழ்ந்தது’ எல்லாம் என்று எழுதுவார்கள். உடும்பு ஓடுவது மேட்டு நிலம், ஆமை தவழ்வது நீர் நிற்கும் பள்ளம். இரண்டையும் சேர்த்தால் ஊரின் நிலம் முழுவதும் வந்துவிட்டது. ‘மேல்நோக்கின மரமும் கீழ்நோக்கின கிணறும்’ என்பார்கள். நிலத்துக்கு மேலே உள்ளதும் கீழே உள்ளதும் அடங்கிவிட்டன. எழுதியவர் யார்? ஊர்க் கரணத்தான், கணக்கன். எழுதியது இலக்கியம் என்று அவனும் நினைக்கவில்லை, பிறரும் நினைக்கவில்லை. எந்த நல்ல கவிஞனும் இந்த இரண்டு தொடரையும் தன்னுடையதாகச் சொல்லிக்கொள்ளப் பெருமைப்படுவான்.

வரலாறு எழுதுவோருக்கு இந்தத் தொடர்கள் செய்த உதவி அளவிடற்கரியது. சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் சூடினார்கள். கல்வெட்டில் கோப்பரகேசரி என்று மட்டும் இருந்தால் எந்தப் பரகேசரி என்று தெரியாது. ‘மதிரை கொண்ட’ என்று முன்னால் இருந்தால் முதலாம் பராந்தகன். ‘பாண்டியன் தலைகொண்ட’ என்றால் இரண்டாம் ஆதித்தன். ‘திருமகள் போல’ என்று மெய்க்கீர்த்தி தொடங்கினால் 985-இல் அரியணை ஏறிய முதலாம் இராசராசன், ‘திருமன்னி வளர’ என்றால் அவன் மகன் இராசேந்திரன். கல் தேய்ந்து, மன்னன் பெயர் போய், ஆண்டு போய், இந்த இரண்டு சொல் மட்டும் மிஞ்சியிருந்தாலும் காலம் தெரிந்துவிடும். வெற்றிகள் கூடக்கூட மெய்க்கீர்த்தி நீளும், ஆகவே எது வரை நீண்டிருக்கிறது என்பதை வைத்தும் ஆட்சியாண்டைக் கணிக்கிறார்கள்.

பலமுறை எழுதப்பட்டதால் மட்டும் ஒரு தொடரின் பொருள் பாதுகாக்கப்பட்டுவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. இராசராசன் கல்வெட்டுகளில் அவன் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளிலிருந்தே ‘காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி’ என்ற தொடர் வந்துகொண்டே இருக்கிறது. கலம் என்றது கப்பலா, உண்கலமா, சாலை என்றது துறைமுகமா, கல்விச்சாலையா என்று அறிஞர்கள் இன்றுவரை வழக்காடுகிறார்கள். அக்காலத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதனால்தான் யாரும் விளக்கி எழுதவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதான் முதலில் தொலைகிறது. சாதாரணத் தொடர்களை நாம் இப்போதே குறித்துவைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதைவிட வலுவான காரணம் வேறில்லை.

இந்த இடத்தில், ஓர் அறக்கட்டளையின் பெயரால் பேசுகிறவன் என்ற முறையில், இன்னொரு தொடரையும் சொல்லியாக வேண்டும். கொடை எழுதி முடிந்ததும் கடைசியில் வரும்: ‘இத்தன்மம் ரக்ஷித்தான் ஸ்ரீபாதம் என் தலை மேலன’. நான் வைத்த இந்த அறத்தைப் பின்னால் வருகிற எவன் காப்பானோ, அவன் திருவடி என் தலைமேல் இருக்கட்டும் என்பது பொருள். கொடுத்தவன் அரசனாக இருக்கலாம், காக்கப்போகிறவன் எந்த ஊரான், எந்தக் குலத்தான் என்று தெரியாது, இன்னும் பிறக்கவே இல்லை. அவனுடைய காலைத் தன் தலையில் தாங்குகிறேன் என்கிறான். இதைச் சம்பிரதாயச் சொல் என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். ஒரு சமுதாயம் எதைச் சம்பிரதாயமாக வைத்திருந்தது என்பதைவிட அதைப் பற்றிச் சொல்லும் சான்று வேறென்ன இருக்கிறது?

கல்லிலிருந்த தொடர் ஓலைக்கும் ஓலையிலிருந்து முத்திரைத் தாளுக்கும் வந்தது. சோழர் ஆவணத்தில் ‘பெருநான்கெல்லை’ என்று இருந்தது, இன்றைய கிரயப் பத்திரத்தில் ‘இந்த நான்கெல்லைக்குட்பட்ட’ என்று இருக்கிறது. பத்திர எழுத்தர் ‘யாதெனில்’ என்று எழுதிவிட்டு விஷயத்துக்கு வருகிறார். திருக்குறளில் ‘யாதெனின்’ என்று நின்ற அதே தொடர்தான், ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அஞ்சல் கடிதத்தின் ‘நலம், நலமறிய ஆவல்’ நம் கண் முன்னாலேயே மறைந்துகொண்டிருக்கிறது.

ஒப்பாரியும் தாலாட்டும் இந்தப் பேச்சில் ஒரு பத்தியில் அடங்காதவை, தனிப் பொழிவுக்கு உரியவை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இழவு வீட்டில் ஒருத்தி ‘என்னப் பெத்த அம்மா’ என்று எடுக்கும்போது சுற்றியிருக்கும் பெண்கள் அந்த ராகத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த வார்த்தை அவள் உண்டாக்கியது அன்று. அவளுடைய துக்கம் அவளுடையது, அதைச் சொல்லும் தொடர் ஊருடையது. தன் சொந்தச் சொல்லைத் தேடும் நிலையில் அந்த நேரம் யாரும் இருப்பதில்லை. ஊர் கொடுத்த சொல்லைப் பிடித்துக்கொண்டு முதல் அடியைக் கடந்த பிறகு, செத்துப்போனவளின் கைப்பக்குவம், அவள் வைத்த வேம்பு, கடைசியாகக் கேட்ட காப்பித்தண்ணி என்று அவளுக்கே உரிய செய்திகள் வரத் தொடங்கும். குறுந்தொகையின் 41-ஆம் பாட்டில் கண்டதும் இதே ஒழுங்குதான்.

இனி ஆய்வு மாணவர்களுக்கு. உ.வே. சாமிநாதையர் 1937-இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பாட்டின் உரைக்குப் பின்னும் மேற்கோளாட்சியும் ஒப்புமைப் பகுதியும் இருக்கும். இந்தத் தொடர் அகநானூற்றில் இன்ன இடத்தில், இந்தக் கருத்து நற்றிணையில் இன்ன இடத்தில் என்று அடி அடியாகக் குறித்திருப்பார். கணினி இல்லை, அச்சிட்ட அடைவுகள் இல்லை. நினைவும் கையெழுத்துக் குறிப்பும் மட்டும் துணை. சிதைந்த ஏட்டில் விழுந்துபோன எழுத்தை ஊகிக்க வேறிடத்தில் அதே தொடர் கைகொடுக்கும் என்பதை ஏடு பார்த்துப் பதிப்பித்தவர்கள் அறிவார்கள்.

அதில் ஓர் அபாயமும் உண்டு. பழகிய தொடர் எழுதுவோர் கையைத் தன் பக்கம் இழுக்கும். புலவன் புதிதாகச் சொன்ன இடத்தில் ஏடெழுதியவர் வழக்கமான சொல்லை எழுதியிருக்கலாம், பதிப்பாசிரியரும் ஒப்புமையைக் காட்டி அதையே ஏற்றிருக்கலாம். எது பொதுத் தொடர், எவ்வளவு பொது என்ற கணக்கு கையில் இருந்தால்தான் பாடவேறுபாடுகளில் எதை ஏற்பது என்று துணிந்து சொல்ல முடியும்.

சொல்லடைவுகள் நம்மிடம் உண்டு. வ.அய். சுப்பிரமணியம் 1962-இல் புறநானூற்றுக்குச் சொல்லடைவு தந்தார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பழந்தமிழ் நூல்களின் சொல்லடைவைத் தொகுதிகளாக வெளியிட்டது. இப்போது மூலங்கள் கணினியில் இருப்பதால் தனிச்சொல்லைத் தேடுவது நொடியில் முடிகிறது. தொடரைத் தேடுவதில்தான் தடங்கல். ஒரு பதிப்பில் ‘தேர்வண்’ சேர்ந்திருக்கும், இன்னொன்றில் பிரிந்திருக்கும். நாம் பார்த்த குறுந்தொகை அடியின் தொடக்கமே ‘அத்தம் நண்ணிய’ என்று ஒன்றில், ‘அத்த நண்ணிய’ என்று மற்றொன்றில். சந்தி பிரித்த ஒரே சீரான மூலம் இல்லாமல் இயந்திரம் இதைக் கண்டுபிடித்துத் தராது, பிரிப்பதற்கு யாப்பும் இலக்கணமும் அறிந்த மனிதர் வேண்டும். கல்வெட்டு நிலைமை இன்னும் பின்தங்கியது. 1890-இல் ஹூல்ஷ் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியைக் கொண்டுவந்தார். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் படியெடுத்த கல்வெட்டுகளில் பல ஆயிரம் அச்சேறவில்லை.

ஆகவே இந்த அவையில் உள்ள பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். முனைவர் பட்டத்துக்கு வரும் மாணவரிடம் ‘சங்க இலக்கியத்தில் இயற்கை’ என்று நூறாவது தடவையாகத் தலைப்புக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, ஒரு நூலுக்குத் தொடரடைவு செய்யச் சொல்லுங்கள். ஐங்குறுநூற்றில் தொடங்கலாம், 500 பாட்டுத்தான், பாட்டுக்கு ஆறடிக்கு மேல் போகாது. இன்னொருவர் ஒரு வட்டத்துக் கல்வெட்டுகளின் தொடர்களைத் தொகுக்கட்டும். மற்றொருவர் தம் சொந்த ஊரில் ஒப்பாரி பாடும் மூதாட்டிகளிடம் போய் உட்காரட்டும், பழைய பத்திரங்களைப் பெட்டியில் வைத்திருக்கும் வீடுகளுக்குப் போகட்டும். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நாளில் தமிழின் பொதுச் சொத்து எவ்வளவு என்று தெரியும். வரும் கல்வியாண்டில் இந்தத் துறையிலிருந்து ஒருவராவது இந்தப் பணியைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.